பந்தியும் பணியும்: பங்குச் சமூகத்தில் பகிர்வின் பொருள்

ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் நம்பிக்கையாளர்களைப் பங்குத்தந்தை ஒருவரின் பொறுப்பில் ஒன்றுசேர்க்கும் அமைப்பைக் கத்தோலிக்கத் திருச்சபை ‘பங்கு’ என்று அழைக்கிறது. செஞ்சி வட்டாரத்து அவலூர்பேட்டையைப் போன்ற ஊர்ப்புறங்களில் பங்கு என்பது பொதுவாக ஒரு தாய்க்கோயிலும், சுற்றுக் கிராமங்களில் அதைச் சார்ந்த சிற்றாலயங்களும் சேர்ந்ததாகவே அமைகிறது. எல்லாக் கிராமங்களுக்கும் ஞாயிறுதோறும் குருவானவர் வந்து திருப்பலி நிறைவேற்ற இயலாது என்பதால், மறைக்கல்வி கற்பித்துச் செபத்தை முன்னின்று நடத்தும் உபதேசியாரும், கோயிலைத் திறந்து மணியடிக்கும் கோயில் பிள்ளையும், பாடற்குழுவினரும், நோயாளிகளைச் சந்திக்கும் பெண்களுமே அங்கே வழிபாட்டையும் சமூகத்தையும் தாங்கி நிற்கின்றனர். பணியை இவ்வாறு பகிர்ந்துகொள்வது ஆள் பற்றாக்குறையால் நேர்ந்த ஏற்பாடு மட்டும்தானா, அல்லது கிறிஸ்தவ நம்பிக்கையின் உள்ளிருந்தே எழும் கடமையா என்பது சமயச் சிந்தனைக்கு உரிய கேள்வியாகும்.

முதல் நூற்றாண்டுச் சபைகளின் வரலாறு இக்கேள்விக்கு இரண்டு நிகழ்வுகளின் வழியாக விடை தருகிறது. எருசலேம் சபையினர் உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்ததாகக் கூறும் திருத்தூதர் பணிகள் நூல், அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டதையும், அம்முறையீட்டைத் தீர்ப்பதற்கென்றே எழுவர் நியமிக்கப்பட்டதையும் மறைக்காமல் சொல்கிறது. கொரிந்து நகரத்திலோ வசதியுள்ளவர்கள் முந்தி உண்டு நிறைவடைய, ஏழைகள் பசியோடு காத்திருந்ததால், அங்கே நடந்தது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் கண்டிக்கிறார். பங்கீடு தவறிய இடத்தில் அருளடையாளமே தன் பொருளை இழக்கிறது என்ற இக்கருத்தின்படி பார்த்தால், பகிர்வு வழிபாட்டுக்குப் பிறகு செய்யப்படும் தொண்டாக நிற்காமல் வழிபாட்டின் மெய்ம்மையைச் சோதிக்கும் உரைகல்லாகிறது.

கொரிந்தியருக்கு எழுதிய அதே திருமுகத்தில் பவுல் சபையைப் பல உறுப்புகள் கொண்ட ஓர் உடலாக வருணிக்கிறார். இவ்வுருவகம் தமிழ்நாட்டில் கூடுதல் கவனத்தோடு படிக்கப்பட வேண்டியது. ஏனெனில் ரிக் வேதத்தின் புருஷ சூக்தமும் ஓர் உடலின் வாய், கை, தொடை, பாதம் ஆகியவற்றிலிருந்து நான்கு வருணங்கள் தோன்றியதாகக் கூறுகிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு என்பதோடு நிறுத்திக்கொண்டால், பறை அடிப்பதும் குழி வெட்டுவதும் ஒரு சாராருக்கு, வாசகம் வாசிப்பதும் கணக்கு வைப்பதும் மற்றொரு சாராருக்கு என்ற பிரிவினையைக்கூடப் பவுலின் சொற்களைக் கொண்டே நியாயப்படுத்திவிடலாம். பவுலோ வரங்கள் பிறப்பால் வருவதில்லை, ஆவியானவரின் விருப்பப்படி ஒவ்வொருவருக்கும் அளிக்கப்படுகின்றன என்றும், மதிப்புக் குறைவாகத் தோன்றும் உறுப்புக்கே மிகுந்த மதிப்பு உரியது என்றும் சொல்கிறார். தொழில் பிரிவினையையும் பணிப்பகிர்வையும் வேறுபடுத்தும் எல்லைக்கோடு இதுவே.

தமிழகத் திருச்சபையின் வரலாறு இந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் நடந்திருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி துறவிக் கோலம் பூண்டு உயர்சாதியினரை அணுகினார். ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணிபுரியப் பின்னர் ‘பண்டாரசுவாமிகள்’ என்னும் தனி வகைக் குருக்கள் ஏற்பட்டனர். நற்செய்தியைக் கொண்டுசெல்லும் பணியே சாதிக்கேற்பப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதை இது காட்டுகிறது. புதுச்சேரிக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரைப் பிரித்த சுவர் 1745இல் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்கிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இரு சாதியினருக்கு இரு கூடங்களாகவே கோயில் கட்டப்பட்டிருந்தது. அதன் தடுப்பு 1910இல் அகற்றப்பட்டபோது எழுந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது.

அவலூர்பேட்டைக்கு அண்மையிலுள்ள சேத்துப்பட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பணிபுரிந்த பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குரு தார்ராஸ், இவ்வட்டாரத்து ஏழைகள் பலரைத் திருச்சபைக்குள் கொண்டுவந்தவர். தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876–78 ஆண்டுகளின் கொடும் பஞ்சம் தாக்கிய நிலப்பகுதி இது. பஞ்ச காலத்தில் கஞ்சி வார்ப்பது உயிர்காக்கும் அறம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவும் பெறுபவர் என்றும் பெறுபவராகவும் இருக்கும் உறவு அப்படியே நிலைத்துவிட்டால், அங்கே தருமம் வளருமே தவிரச் சமூகம் உருவாகாது. சோறு வைக்கும்போது தவறாமல் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவரும் ‘பிடியரிசி’ வழக்கம் இந்த உறவை மாற்றவல்லது; ஏனெனில் கூலிக்காரப் பெண்ணும் அதில் கொடுப்பவளாகிறாள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) பொதுநிலையினரின் பணி திருமுழுக்கிலிருந்தே பிறக்கிறது என்று கற்பித்த பின்னர், தமிழக மறைமாவட்டங்களில் ‘அன்பியம்’ என்னும் அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகங்கள் தோன்றின. அருகருகே வாழும் குடும்பங்கள் ஒரு வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்து விவிலியம் வாசிக்கின்றன. பின்னர் யார் வீட்டில் நோய், எந்தப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் குறைகிறது என்று பேசி முடிவெடுக்கின்றன. ஆனால் ஊரும் காலனியும் தனித்தனியே அமைந்த கிராமத்தில், அருகருகே வாழ்பவர்கள் என்பதற்குப் பெரும்பாலும் ஒரே சாதியினர் என்பதே பொருள் என்பதால், பகிர்வுக்காக ஏற்பட்ட அன்பியமும் பிரிவினையின் வரைபடத்தை அப்படியே பின்பற்றிவிடக்கூடும். 2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்திலிருந்த எறையூரில், பாகுபாட்டை எதிர்த்துத் தனிப்பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே வெடித்த மோதலும், காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்ததும், இந்த ஆபத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டின.

தனிப்பங்கு கேட்பது ஒற்றுமையைக் குலைப்பதாகாதா என்று கேட்கப்படுவதுண்டு. கொரிந்தில் பந்தியைப் பிரித்தவர்கள் முந்தி உண்டவர்களே அன்றிப் பசியோடு காத்திருந்தவர்கள் அல்லர் என்பது இதற்கு விடையாகும். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டதும், பிளவு ஏற்கெனவே உள்ளிருப்பதை ஒப்புக்கொண்ட செயலே. ஆகவே ஒரு பங்கில் பணி உண்மையாகவே பகிரப்படுகிறதா என்பதை அங்கே இயங்கும் பக்த சபைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்க இயலாது. பங்குப் பேரவையின் பொறுப்பு யார் கையில் இருக்கிறது, திருவிழாத் தேர் எந்தத் தெருவரை செல்கிறது, இறந்தவரைச் சுமக்கத் தோள் கொடுப்பவர் யார், கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே, அப்பங்கு ஞாயிறுதோறும் பிட்கும் அப்பத்துக்கு உண்மையாக வாழ்கிறதா என்பதைத் தீர்மானிக்கின்றன.