சிவப்புக் கோட்டோடு விளையாடாதீர்கள்

வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதை நீண்டுவிட்டது. 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாகிவிட்டது. தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு விமானி ஆகும் ஆசை இனி கூடத்தான் செய்யும். கூடட்டும், நல்லதுதான். ஆனால் சிறிய விமானத்தின் வேக வரம்புகளைப் புரிந்துகொள்ளாமல் ஒருவரும் தனியாக வானேறக் கூடாது. தேர்வுக்கு மனப்பாடம் செய்தது அங்கே கைகொடுக்காது.

விமானத்தின் மீது எதிரே வந்து மோதும் காற்றின் அழுத்தத்தை வைத்தே வேகமானி வேகத்தைக் காட்டுகிறது. உயரப் போகப் போகக் காற்று மெலியும். 10,000 அடியில் அதன் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அங்கே முள் 100 நாட் காட்டும்போது விமானம் உண்மையில் 116 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

கடலோரத்தில் பழகியவர் 3,000 அடி உயரத்திலுள்ள பெங்களூரு ஜக்கூரில் இறங்கப் போனால், தரை வழக்கத்தைவிட விரைந்து ஓடுவதுபோலத் தெரியும். பதறி வேகத்தைக் குறைக்காதீர்கள்! இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம், முள்ளில் அங்கும் அதே எண்தான். கண்ணை நம்பிக் குறைத்தால் தரைக்கு மிக அருகில் விமானம் கைவிட்டுப் போகும். மேலே வேறோர் ஆபத்து. இறக்கை படபடத்து முறிவது பெரும்பாலும் உண்மை வேகத்தைப் பொறுத்தது. அதனால் பல கிளைடர்களில், ஒருபோதும் தாண்டக் கூடாத வேகத்தைக் குறிக்கும் சிவப்புக் கோட்டை, உயரம் கூடக் கூடக் குறைத்துக் காட்டும் அட்டவணை இருக்கும். உங்கள் விமானக் கையேட்டில் அப்படி ஒன்று உண்டா? இன்றே புரட்டிப் பாருங்கள்.

நம் பக்கத்துக் கச்சான் காற்றையும் மறக்காதீர்கள். ஆனி, ஆடியில் அது செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வரும். கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும். நடுப்பகலில் கரிசல் நிலம் கொதிக்கும்போது வானம் இன்னும் குலுங்கும். அந்நேரம் முள், அமைதியான காற்றில் மட்டுமே அனுமதிக்கப்படும் மஞ்சள் பகுதிக்குப் போகவே கூடாது. அதற்கும் கீழே, கையேடு சொல்லும் வேகத்துக்கு இறக்கிவிட வேண்டும். செஸ்னா 172எஸ் முழு எடையான 1,157 கிலோவில் இருந்தால் அந்த வேகம் 105 நாட்; 862 கிலோவில் 90 நாட். வெறும் விமானம் அதிகம் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. எடை குறைந்த விமானத்தைத்தான் காற்று கடுமையாகத் தூக்கி எறியும்.

இறக்கை முறிவது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது பஸ் மாத் என்ற சிறு விமானத்தில். அதே ரக விமானங்கள் சில, அந்த ஆண்டுகளில் உலகின் வெவ்வேறு இடங்களில் நடுவானில் இறக்கை முறிந்து விழுந்தன. ஆட்கள் செத்த பிறகே காரணத்தைத் தேடி, இறக்கைத் தாங்கியை வலுப்படுத்தினார்கள். நீங்கள் அந்த விலை கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.

இறக்கத்தைத் தொடங்கும் முன்பே எஞ்சின் விசையைக் குறையுங்கள். முள் எல்லை தாண்டிவிட்டால் வெடுக்கென்று மூக்கை இழுக்காமல், விசையைக் குறைத்து மெதுவாக நிமிர்த்துங்கள். பக்கத்தில் இருப்பவர் "இன்னும் கொஞ்சம் வேகமாப் போவோம்" என்றால், அவர் யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.