காண்டீபம் நழுவிய கணம்

குருக்ஷேத்திரத்தில் இரு சேனைகளுக்கும் நடுவே திருத்தேர் நின்றது. பார்த்தனுக்கு வாய் உலர்ந்தது, உடல் நடுங்கியது, மயிர் சிலிர்த்தது, கையிலிருந்து காண்டீபம் நழுவியது, மனம் சுழன்றது. கீதையின் முதல் அத்தியாயம் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. அவன் தோல்விக்கு அஞ்சியவன் அல்லன். சுற்றத்தாரையும் ஆசாரியரையும் எய்வதோ என்று கலங்கியவன். எனினும், காரணம் எதுவாயினும், உள்ளம் கலங்கினால் உடல் பேசும் மொழி ஒன்றே.

விளையாட்டுக் களத்தின் வாயிலில் நிற்கும் வீரனும் அம்மொழியை அறிவான். போட்டி நெருங்குகையில், சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அட்ரினலின் என்னும் சுரப்புநீரைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, குடலுக்குச் செல்லும் குருதி குறைந்து தசைகளுக்குப் பாய்கிறது. வாய் உலர்வதும் வயிறு புரள்வதும் கை நடுங்குவதும் இக்கிளர்ச்சியின் அடையாளங்களே. இது நோயன்று, உடல் தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும் முறை. அளவோடிருப்பின் ஓட்டக்காரனுக்கு அது துணை. அளவு கடப்பின் தசை இறுகும். பல்லாண்டுப் பயிற்சியால் கை தானே செய்யும் செயலில் மனம் இடைபுகுந்து தடுமாறச் செய்யும்.

அங்ஙனமாயின், அஞ்சுதல் குற்றமா?

கண்ணன் எம்பெருமான் பார்த்தனின் உள்ளத் தளர்ச்சியை இடித்துரைத்தான். ஆனால் அவனைக் கைவிட்டுத் தேரினின்றும் இறங்கினானல்லன். பயனில் பதிந்திருந்த நோக்கைச் செயலின்பால் திருப்பினான். பதக்கமும் புகழும் பழியும் இன்னும் வாராத நாழிகைக்கு உரியவை. இந்த மூச்சு, இந்த அடி, இந்த அம்பு ஆகியவையே வீரன் கையில் உள்ளவை. மூச்சைச் சீராக்கி அடுத்த அடியில் மட்டும் மனத்தை நிறுத்துக என்று பயிற்சியாளர் இன்று கூறுவதும் இதனோடு ஒத்ததே.

இனி, களத்தை விட்டு விலகுவது எப்போதும் கோழைமையோ? 2021-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ், அந்தரத்தில் சுழலும்போது தம் உடல் எத்திசையில் உள்ளது என்னும் உணர்வை இழந்தார். கழுத்து முறியத்தக்க ஆபத்து அது. குழுப் போட்டியின் நடுவே விலகி, அங்கேயே நின்று தோழியரை ஊக்குவித்தார். சில நாட்களில் திரும்பி வந்து வெண்கலம் பெற்றார். 2024-இல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். வடமதுரைப் போரில் களம் விட்டு நீங்கிய எம்பெருமானையே, குஜராத்தின் டாகோரில் ரணசோடன், அதாவது போர்க்களம் விட்டவன், என்னும் திருநாமத்தால் அடியார்கள் அன்போடு சேவிக்கின்றனர். ஆகவே நிற்பதும் விலகுவதும் தம்மளவில் அறமோ மறமோ ஆகா. பழிக்கு அஞ்சி நிற்பதும், மயக்கத்தால் கடமையைத் துறப்பதும் தாழ்வு. கடமையைத் தெளிந்து நிற்பதும், தெளிந்து விலகுவதும் உயர்வு.

தேர்வு மண்டபத்தின் வாயிலிலும் மருத்துவமனைப் படியிலும் நடுங்காத கை எவருக்கு உண்டு? நடுக்கத்திற்காக எவரும் நாணவேண்டுவதில்லை. நடுங்குபவரை எவரும் இகழவும் வேண்டா. காண்டீபம் நழுவிய பின்னரே கீதை பிறந்தது. நழுவியதை மீண்டும் எடுக்கும் தெளிவைப் பார்த்தசாரதியின் திருவடிகளில் வேண்டிப் பெறுவோமாக.