ஒருவர் குரலில் ஒரு மக்கள்

ஒடுக்கப்பட்ட மக்களின் பெயரால் பேசும் கவிஞர், அம்மக்களுக்குள்ளேயே ஒடுக்கப்பட்டோரை மறைத்துப் பேசுவது அறமாகுமா என்னும் கேள்வி, சிக்கானோ கவிதையைக் கற்போர் தவிர்க்க முடியாதது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் மெக்சிக்க வழியினர், 1960களின் உரிமைப் போராட்டத்தில், முன்பு ஏளனமாக வழங்கிய 'சிக்கானோ' என்னும் பெயரைத் தாமே விரும்பி ஏற்றனர். 1848ஆம் ஆண்டின் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் மெக்சிகோ தன் வடநிலங்களை இழந்தபோது, அங்கிருந்த மெக்சிக்கர் இடம்பெயராமலேயே வேற்று நாட்டின் குடிகளாயினர். உடன்படிக்கை காப்பதாகச் சொன்ன நிலவுரிமையையும் அவர்களுள் பலர் காலப்போக்கில் இழந்தனர்.

டென்வர் நகரின் முன்னாள் குத்துச்சண்டை வீரரும் போராட்டத் தலைவருமான ரொடோல்ஃபோ கொன்சாலெஸ் 1967இல் வெளியிட்ட 'நான் ஹொவாக்கீன்' என்னும் நெடுங்கவிதை, பள்ளிப் பாடநூலில் இடம்பெறாத இவ்வரலாற்றை ஒற்றை மனிதனின் தன்கூற்றாக்கியது. அதில் பேசுபவன் ஆஸ்டெக் அரசன் குவாதெமோக்காகவும், அவனை வென்ற ஸ்பானியத் தளபதி கொர்த்தேசாகவும் ஒருங்கே தன்னை அறிவிக்கிறான். வென்றவனின் குருதியையும் தனதென ஒப்புக்கொள்ளும் இந்நேர்மை, தோற்றவரை மட்டுமே முன்னோராகக் கொண்டாடும் தேசியங்களில் அரிதாகவே காணப்படுவது. ஆயினும் அக்கவிதையில் பெண்கள் துயர் சுமக்கும் தாயராகவும் துணைவியராகவும் வருகிறார்களே அன்றி, வரலாற்றை நடத்துவோராக வருவதில்லை.

இக்குறை ஏட்டோடு நிற்கவில்லை. 1969 மார்ச்சில் டென்வரில் கூடிய இளைஞர் மாநாட்டில், சிக்கானா பெண் விடுதலை பெற விரும்பவில்லை என்று பெண்களுக்கான அமர்வின் சார்பிலேயே அறிவிக்கப்பட்டது. போராட்ட வேளையில் உட்பூசல் கூடாது என்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். அந்நியாயத்தை முற்றாகத் தள்ளிவிட இயலாதெனினும், ஒற்றுமைக்கான விலையை எப்போதும் ஒரு சாராரே கொடுக்கும்போது, அதனை ஒற்றுமை என்பதைவிடப் பணிவு என்பதே பொருந்தும்.

அதே மாநாடு ஏற்ற 'ஆஸ்ட்லானின் ஆன்மிகத் திட்டம்' என்னும் அறிக்கைக்குக் கவிஞர் அலுரிஸ்தா முகவுரை எழுதினார். ஆஸ்ட்லான் என்பது ஆஸ்டெக் மக்கள் புறப்பட்டு வந்ததாகத் தொன்மங்கள் கூறும் வடதிசைத் தாயகம். இன்றைய அமெரிக்கத் தென்மேற்கே அதுவென இயக்கத்தினர் கொண்டனர். அந்நியர் என இகழப்பட்டோர்க்கு அப்படிமம் தந்த தன்மதிப்பு பெரிது. ஆனால் அந்நிலம் நவஹோ, அப்பாச்சி, புவேப்லோ ஆகிய தொல்குடிகளின் வாழ்நிலம்; அமெரிக்கர் வருமுன்பே அதனை ஸ்பானிய ஆட்சி கைக்கொண்டிருந்தது. இழப்பைப் பாடுவதற்கு மெக்சிக்க வழியினர்க்கு முழு உரிமையுண்டு. தொன்மத்தையே நிலப்பட்டாவாக நீட்டும்போதுதான், தமக்கு இழைக்கப்பட்ட அநீதியையே அவர்கள் பிறர்க்கு இழைக்கும் நிலை உருவாகிறது.

மறுமொழி உள்ளிருந்தே வந்தது. சிக்கானா எழுத்தாளர் குளோரியா அன்சல்தூவா 1987இல் வெளியிட்ட 'எல்லை நிலங்கள்' என்னும் நூல், ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்த உரைநடையாலும் கவிதையாலும், பெண்ணையும் ஒருபாலீர்ப்பினரையும் தன் இனமே ஒதுக்கியதை வெளிப்படையாகப் பேசியது. இயக்கத்தைக் காட்டிக்கொடுத்த நூல் என்று அதனைக் கருதுவது பிழை. தன் மக்களிடம் கணக்குக் கேட்கும் உரிமையை அது பயன்படுத்தியது, அவ்வளவே. எனினும் கலப்பினத்தை வருங்கால மனித இனமாகப் போற்றிய மெக்சிக்கச் சிந்தனையாளர் வாஸ்கொன்செலோசின் 1925ஆம் ஆண்டு நூலை அவர் தம் வாதத்துக்கு அடிப்படையாகக் கொண்டதால், இன்று உயிரோடு வாழும் தொல்குடிகளைக் கடந்தகாலச் சின்னங்களாக்கினார் என்ற குற்றச்சாட்டு அவர்மீதும் எழுந்தது. அக்குற்றச்சாட்டும் நியாயமானதே.