கூரையின் கவலை

புது வீடு கட்டிக் குடி போனவர்களைப் பார்க்கப் போனால், அவர்கள் தவறாமல் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "தளம் போட்டாயிற்று, இனிமேல் கவலை இல்லை." அந்தக் 'கவலை இல்லை' என்பதைத்தான் கொஞ்சம் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். மனிதன் எதைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாம்? எதைப் பற்றி இருக்கக் கூடாது?

திருத்தணி மலைப்படிகளில் ஏறுகிறவர்கள் பாதி வழியில் மூச்சு வாங்க நின்று கீழே பார்ப்பதுண்டு. ஓடு, தகரம், சிமெண்டு அட்டை, தண்ணீர்த் தொட்டி சுமந்த மொட்டைமாடி என்று ஊரின் தலைகளெல்லாம் தெரியும். சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கிற ஊர். கோடையில் சென்னைவாசிகளுக்குப் பகலிலேயே கடற்காற்று வந்து ஆறுதல் சொல்லிவிடும். திருத்தணிக்கு அது வந்து சேருவதற்குள் வெயில் தன் வேலையை முடித்திருக்கும். நூறு டிகிரி தாண்டிய ஊர்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணியின் பெயரும் அடிக்கடி வருவது அதனால்தான்.

அந்த வெயிலில் தளம் பகலெல்லாம் காய்ந்து விரிகிறது. மாலையில் ஓர் இடிமழை பெய்தால் சட்டென்று சுருங்குகிறது. விரிந்தும் சுருங்கியும் ஒரு நாள் மயிரிழை போல வெடிப்பு விடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வெடிப்பைத் தேடிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. உள்ளே இருப்பது இரும்புக் கம்பி. இரும்பு துருவானால் பருமன் பெருக்கும். பெருத்த துருவுக்கு இடம் போதாமல் கான்கிரீட்டையே பிளந்து தள்ளிவிடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் இந்தக் காரியம் இன்னும் வேகமாக நடக்கிறது. கூடத்து விட்டத்திலிருந்து காரை பெயர்ந்து விழும்போதுதான் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். அதற்குள் பல வருஷங்கள் ஆகியிருக்கும்.

பழைய காலத்து மெத்தை வீடுகளைக் கட்டினவர்கள் கூரையை அவ்வளவு சுலபமாக நம்பவில்லை. மர உத்தரங்களின் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கினார்கள். அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்தார்கள். பிறகு தட்டோடு பதித்தார்கள். அப்படியும் மழைக்காலத்துக்கு முன்னால் ஒருவர் மேலே ஏறி, ஓட்டின் இடுக்குகளைப் பூசி, வடிகுழாயில் அடைத்த சருகை எடுத்துவிட்டுத்தான் இறங்குவார்.

குடிசைக்கோ கேட்கவே வேண்டாம். பனையோலையோ, தென்னங்கீற்றோ, கரும்புத் தோகையோ, ஓரிரு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றியே தீரவேண்டும். அதனால் குடிசைதான் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு மழைக்காலம் ஒழுகுகிற குடிசையில் படுத்துப் பார்க்க வேண்டும். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டு போனார்கள். அந்தக் கூரையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்தக் குழந்தைகள் அல்ல. கூரையைப் பற்றிய தர்ம சங்கடமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. போடுகிறவர் ஒருவர்; அடியில் உட்காருகிறவர் வேறொருவர்.

ஆகவே, 2010-இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றத் திட்டம் வந்ததும், 2024-இல் அதே நோக்கத்தோடு மறுபடி ஒரு திட்டம் வந்ததும் நியாயமே. என் கேள்வி அதற்கு அடுத்தது. ஏழைக்கு ஒரு தளம் போட்டுக் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடுகிறதா? கீற்று மாற்றும் வேலை அவனுக்குத் தெரியும், கையால் செய்துகொள்வான். கம்பி துருப்பிடித்த தளத்தை என்ன செய்வான்? அதற்கு மேஸ்திரி வேண்டும், சிமெண்டு வேண்டும், பணம் வேண்டும். வீடு கட்டித் திறந்த நாளைக் கல்லில் பொறிக்கிறோம். அடுத்த பழுது பார்க்கும் நாளை எந்தக் கல்லிலும் பொறிப்பதில்லை.

2021 டிசம்பரில் சென்னை திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. காரணம், விரிசலைக் கண்ட குடியிருப்புவாசிகள் முன்னதாகவே வெளியேறிவிட்டார்கள். கவலைப்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

இதில் நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கோயில்களில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் செய்வது மரபு. அதற்கு முன் பாலாலயம் செய்து சாமியை எழுந்தருளப் பண்ணிவிட்டு, விமானத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குகிறார்கள்; விரிசலை அடைக்கிறார்கள்; வர்ணம் பூசுகிறார்கள். கருங்கல்லில் கட்டிய ஆண்டவன் வீடே கவனிக்காவிட்டால் ஒழுகும் என்று நம் முன்னோர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மறதி மனித சுபாவம் என்பதால் அந்த நினைவைச் சடங்காகவே ஆக்கிவிட்டார்கள். மனிதன் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் அப்படி ஒரு சடங்கு இல்லாமல் போயிற்று.

கொடுப்பது பெரிய தர்மம்தான். ஆனால் அது ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. மாலையும் கைதட்டலும் அன்றைக்கே கிடைத்துவிடுகின்றன. காப்பாற்றுவதற்கு மாலை கிடையாது. யாரும் பார்க்காத ஒரு மத்தியானத்தில் ஏணியைச் சாத்தி மேலே ஏறி, ஒரு பிடி சருகை அள்ளிப் போடுகிற வேலை அது. எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது சில வருஷங்களில் வீணாகிறது. அது ஒன்றே போதும்.

கவலை என்பது துன்பம் மட்டுமல்ல, அக்கறையும் அதுதான். கூரை நமக்காக வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்கிறது. அதற்குப் பதிலாக வருஷத்தில் ஒரு நாள், ஐப்பசி பிறக்குமுன், நம்மை மேலே ஏறி வரச் சொல்கிறது. சொந்தக் கூரைக்கு நாம் ஏறலாம். ஏற முடியாதவர்களின் கூரைக்கு யார் ஏறுவது என்பதையும் வீட்டைக் கொடுக்கிற அன்றைக்கே தீர்மானித்துவிட வேண்டும்.