கோவில்பட்டிக்குப் பிறகு களக்காடு

வேலையை விடுவதா, தொடர்வதா என்ற பேச்சு எழுந்தால் எங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் இயற்கை வேளாண்மை பரப்பிய நம்மாழ்வாரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். "கவர்மெண்டு வேலையையே தூக்கிப் போட்டுட்டுப் போனாரே!" என்பார். எங்கள் மண்ணில் அந்தப் பேச்சுக்கு நியாயம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில் கொழுஞ்சிப் பண்ணை உருவானதில் அவருடைய உழைப்பு இருக்கிறது. குடுமியான்மலையிலோ திரும்பிய பக்கமெல்லாம் வேளாண்மை. அண்ணா பண்ணை இருக்கிறது, 2014-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, விரிவாக்க அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனம் இருக்கிறது. விவசாயம் படித்த பிள்ளை எந்த வேலைக்குப் போவது, போன வேலையில் எத்தனை வருடம் இருப்பது என்பது இங்கே டீக்கடையில் அலசப்படும் விஷயம்.

ஆனால் "தூக்கிப் போட்டுட்டுப் போனார்" என்பதோடு கதையை முடித்துவிட்டால் அவருடைய வாழ்க்கையில் பாதி காணாமல் போகிறது. அந்தப் பாதியைத்தான் நான் இளைஞர்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1938-இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர் நம்மாழ்வார். 1963-இல் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கரிசல் பூமி, மானாவாரி. பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், எவ்வளவு உரம் போட வேண்டும் என்பதெல்லாம் அங்கே நடந்த சோதனைகள். ஆராய்ச்சி நிலையத்துப் பாத்தியில் வீரிய விதையும் ரசாயன உரமும் தட்டில்லாமல் கிடைக்கும். வேலிக்கு வெளியே மழையை நம்பிக் கிடக்கிற சம்சாரியிடம் அதை வாங்கப் பணம் கிடையாது. உள்ளே கிடைக்கும் விடை வெளியே செல்லாது என்று அவருக்குப் பட்டது. சக ஊழியர்களிடம் சொல்லியும் எடுபடவில்லை. 1969-இல் விலகினார்.

ஆறு வருடம். மானாவாரி நிலத்தில் ஒரு முடிவைச் சொல்ல ஒரு போகம் போதாது. நல்ல மழை வருடத்தையும் பார்க்க வேண்டும், பொய்த்த வருடத்தையும் பார்க்க வேண்டும். முதல் வருடமே எரிச்சலில் கிளம்பியிருந்தால் அவருடைய குறை ஒரு புது ஆளின் முணுமுணுப்பாகப் போயிருக்கும். ஆறு வருடம் அந்தப் பாத்திகளில் நின்ற பிறகு சொன்னதால் அதற்கு ஒரு கனம் வந்தது.

அடுத்து அவர் போனது திருநெல்வேலிப் பக்கம் களக்காட்டுக்கு. 1958-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பெல்ஜியத்துப் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கிய 'அமைதித் தீவு' அமைப்பில் வேளாண் வல்லுநராகச் சேர்ந்தார். அங்கே பத்து வருடம். கோவில்பட்டியில் இருந்ததைவிட அதிகம். வெளியிலிருந்து வாங்கும் இடுபொருளைக் குறைத்தால்தான் ஏழை உழவன் நிமிர முடியும் என்ற முடிவுக்கு அவர் வந்தது அந்த வேலையில், உழவர்களோடு கிடந்து கிடந்துதான். பிற்காலத்தில் தமிழ்நாடு முழுக்க அவர் எடுத்துச் சென்ற சிந்தனைக்கு விதை விழுந்த இடம் களக்காடு. அவருடைய ராஜினாமாவை மேடைக்கு மேடை சொல்கிறோம். அந்தப் பத்து வருடத்தைச் சொல்வதில்லை.

நானும் விவசாயம் படித்தவன்தான். கொஞ்ச காலம் விதை வியாபாரம், பிறகு வங்கியில் வேளாண் அலுவலர். வேளாண் அலுவலர் என்றால் வயலுக்குப் போவார் என்று வெளியே நினைப்பார்கள். பல நாள் நகைக்கடன் வரிசை நகர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அந்த வேலையில் நான் கடைசிவரை இருந்தேன். தங்கைகள் கல்யாணமும் தம்பி படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தன. இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒரு வேலை குடும்பத்தைத் தாங்குகிறது என்பது அதில் இருப்பதற்குப் போதுமான காரணம். அதைக் கோழைத்தனம் என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும்.

போன கார்த்திகையில் என் அக்கா மகன் வந்திருந்தான். பூச்சிமருந்து கம்பெனி ஒன்றில் மூன்றாவது வருடமாகக் கள அலுவலர். அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை என்று பைக்கில் சுற்றுகிற வேலை. உரக்கடைகளுக்குச் சரக்குத் தள்ள வேண்டும், மாசக் கடைசியில் பாக்கியை வசூலிக்க வேண்டும்.

"மாமா, இந்த மாசத்தோட பேப்பர் போட்டுடலாம்னு இருக்கேன்."

"சரி மாப்ள, அடுத்து எங்க?"

"எங்கயாவது. இங்க வேணாம்."

மேலதிகாரி சரியில்லையா, சம்பளம் போதவில்லையா என்று கேட்டேன். இரண்டும் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கடலை வயலைப் பற்றிச் சொன்னான். ஒரு பெரியவர் செடி மஞ்சளடிக்கிறது என்று கூப்பிட்டிருக்கிறார். முதல் வருடமாக இருந்தால் போட்டோ எடுத்து யாருக்காவது அனுப்பிக் கேட்டிருப்பான். இப்போது வரப்பில் நின்று பார்த்தாலே தெரிகிறது. இலைப்புள்ளி நோய் என்றால் அடியிலைகளில் கரும்புள்ளியாகத் தொடங்கும். இங்கே கொழுந்திலைதான் வெளுத்திருந்தது, நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தால் தேறிவிடும். காசும் அதிகம் ஆகாது.

"அன்னபேதி போதும்னு சொன்னா என் டார்கெட் போகுது மாமா. பூஞ்சாண மருந்து அடிங்கன்னு சொன்னா அவரு காசு போகுது. சொல்லிட்டேன், அன்னபேதின்னே சொல்லிட்டேன். ஆனா மாசா மாசம் இதையே எத்தனை தடவை சொல்ல முடியும்?"

இதைக் கேட்டதும் எனக்குக் கோவில்பட்டி நினைவுக்கு வந்தது. கற்றுக்கொண்டது ஒன்று, அதைச் சொல்ல விடாத இருக்கை வேறொன்று. சம்பளக் குறைச்சலைப் பேசித் தீர்க்கலாம், அதிகாரி மாறலாம். இந்த உறுத்தல் இருக்கிற வரை வேலையில் ஏறுகிற ஒவ்வொரு படியும் உறுத்தலைக் கூட்டத்தான் செய்யும். ஆகவே அவன் விடத்தான் வேண்டும். ஆனால் "எங்கயாவது" என்று ஓர் ஊர் கிடையாது. அன்னபேதி போதும் என்று சொல்வதே வேலையாக இருக்கிற இடம் எது? உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இருக்கின்றன. வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வேளாண்மைத் துறைக்குத் தேர்வாணையத் தேர்வு இருக்கிறது. அங்கெல்லாம் இடம் உடனே கிடைக்காது, காத்திருக்கத்தான் வேண்டும். அதே வம்பனில் பயறு ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. ஒரு புதிய ரகம் விவசாயி கைக்கு வந்து சேர எட்டு, பத்து வருடம் ஆகும். அதில் இறங்குகிறவர்கள் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டேதான் இறங்குகிறார்கள்.

அன்று சாயங்காலம் அவனைக் குடுமியான்மலைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. சுமார் 13 அடிக்கு 14 அடி, பல்லவ கிரந்தத்தில் பொடிப்பொடியாக எழுத்து. ஏழு பகுதி, நான்கு நான்கு சுரமாகக் கட்டிய கோவைகள். வெட்டியது பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள், அதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வேறுபாடு வரக் காரணம், அந்த அரசன் தன் பெயரையே அதில் போடவில்லை. ருத்ராசாரியரின் மாணவன், சிவபக்தன், ஓர் அரசன். மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான். அவ்வளவுதான் முடிவுரையில் இருக்கிறது. நாடு எவ்வளவு, வெற்றி எத்தனை என்ற பேச்சே கிடையாது. யாரிடம் கற்றேன், யாருக்காகச் செய்தேன் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டான்.

நம்முடைய பயோடேட்டாவில் பதவியும் தேதியும் இருக்கும், இந்த இரண்டும் இருக்காது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது இவற்றைத் தனக்குத்தானே கேட்டுப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். இந்த இடத்தில் இப்போது யாரிடமிருந்து கற்கிறேன்? நான் செய்வது யாருக்குப் போய்ச் சேருகிறது? ஒன்றுக்காவது பதில் இருந்தால் பொறுக்கலாம். இரண்டுக்குமே பதிலில்லாமல் வருடங்கள் போனால் பதவி உயர்வுக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தமில்லாமல் போய்விடும். என் மருமகனுக்கு முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. விவசாயிகளே அவனுக்கு வாத்தியார்கள். இரண்டாவதில்தான் அடைபட்டு நின்றான்.

இரண்டாவது கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவருக்கு உதாரணமாக, புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொள்வோம். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1925-இல் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனார். திரும்பி வந்ததும் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அந்த அவைக்கு முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவராகவும் ஆனவர். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-இல் அந்தப் பதவியை விட்டார். தேவதாசி முறையை ஒழிக்கும் வேலை அப்போது பாதியில் நின்றது. பதவி போயிற்றே என்று அவர் அந்த வேலையை விடவில்லை. முழுச் சட்டம் வந்தது 1947-இல். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைச் சுமந்துகொண்டே இருந்தவர், 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைக் கண்டார். இருக்கைகள் மாறின, செய்ய நினைத்தது மாறவில்லை. நீண்டகால வளர்ச்சி என்று இதைத்தான் நான் சொல்வேன்.

எல்லோருக்கும் விடும் சுதந்திரம் இருக்கிறதா என்றால், இல்லை. அன்னவாசல் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் தெருக்கள் உண்டு. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு அனுமதி முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. வேலை பிடிக்கவில்லை என்று நினைத்தவுடன் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட முடியாது. ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் வேறு. அவர்களிடம் போய் மனசு சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால்தான் காசு விஷயத்தை ஒதுக்காமல் பேச வேண்டும் என்கிறேன். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி. நாலரை வருடத்தில் கிளம்புகிறவர் அதைத் தெரிந்தே விட்டால் சரி, தெரியாமல் விடக்கூடாது. பி.எஃப். பணத்தை ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் எடுத்துச் செலவழிக்கிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் பழைய வருடங்களும் சேர்ந்து எண்ணப்படும். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். மொத்தமாக எடுத்துவிட்டால் ஒன்றிலிருந்து மறுபடி எண்ண வேண்டியதுதான். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரியும் வரலாம். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறவனால்தான் "அன்னபேதி போதும்" என்று தைரியமாகச் சொல்ல முடியும்.

மருமகன் இன்னும் பேப்பர் போடவில்லை. வண்டித் தவணை சித்திரையில் முடிகிறது. அதுவரை தேர்வுக்குப் படித்துக்கொண்டே இந்த வேலையில் இருப்பது, உற்பத்தியாளர் நிறுவனம் எதிலாவது இடம் வந்தால் சம்பளம் குறைந்தாலும் போய்ச் சேருவது என்று முடிவாகியிருக்கிறது. சேர்ந்தால் நான்கு வருடத்துக்கு அசையக்கூடாது என்றேன், ஒத்துக்கொண்டான். சம்பளம் குறைவதில் அக்காவுக்கு இன்னும் சம்மதமில்லை. அவளிடம் நான் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.