ஒத்திவைக்கப்பட்ட கரை

கடலில் மண்ணைக் கொட்டித் தரையாக்கும் தொழிலுக்குச் சிங்கப்பூர்த் தமிழில் வழங்கும் பெயர் ‘நிலமீட்பு’. மீட்பது என்றால் இழந்ததைத் திரும்பப் பெறுவது. அடகில் வைத்த நகையை மீட்பர். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்பர். கரந்தைத் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இச்சொல்லின் ஆழத்தை அறிவர். கடலோ இங்கே எவருடைய நிலத்தையும் கவர்ந்து சென்றதில்லை. கவராதவனிடமிருந்து மீட்பது எங்ஙனம்? மலாய் மொழியில் இதனைத் ‘தம்பாக்’ என்பர். மண்ணிட்டு அடைத்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். தமிழிலும் ‘தூர்த்தல்’ என்றொரு பழஞ்சொல் இருக்கத்தான் செய்கிறது. கிணற்றைத் தூர்த்தார்கள், குளத்தைத் தூர்த்தார்கள் என்று ஒருவர் சொல்லக் கேட்டால் நெஞ்சில் சிறு நெருடல் உண்டாகும். அந்நெருடல் தோன்றாதபடி ‘மீட்பு’ என்னும் சொல் பார்த்துக்கொள்கிறது. ஆங்கில வழக்கைத் தழுவி வந்த சொல்தான் இது. ஆயினும் தழுவும்போது அதன் மயக்கத்தையும் சேர்த்தே தமிழ் தழுவிக்கொண்டது.

சொல்லைக் குறை கூறியதால் செயலே குற்றம் என்று முடிவு கட்டிவிடலாகாது. 1960களில் ஏறத்தாழ 581 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூரின் பரப்பு, இன்று 730 சதுர கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. அவ்வளர்ச்சி முழுவதும் கடலிடமிருந்து பெற்றதே. மரின் பரேட் அடுக்குமாடி வீடுகள் நிற்கும் இடத்தில் ஒருகாலத்தில் அலை அடித்தது. சாங்கி விமான நிலையத்தின் ஒரு பகுதியும் கடலைத் தூர்த்த நிலமே. இன்னும் பின்னோக்கிச் சென்றால், தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்கா, 1828க்கும் 1830க்கும் இடையில் தென்னிந்தியச் சூலியா முஸ்லிம்களால் எழுப்பப்பட்டபோது, கடலை நோக்கியே நின்றது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் பாதுகாப்பாகக் கரை சேர்ந்தமைக்கு நன்றி சொல்ல அது வாய்ப்பாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கரை தூர்க்கப்பட்டது. இன்று அதன்முன் நின்று பார்ப்பவருக்குக் கட்டடங்களே தெரியும், கடல் தெரியாது. நாகூர்ப் பெயரைத் தாங்கிய கட்டடம் கடலை இழந்து நிற்கிறது.

ஆகவே, கரையைக் காக்க வேண்டும் என்று கூறும் சிங்கப்பூரர் எவரும் ஓர் இக்கட்டில் நின்றுகொண்டே அதனைக் கூறுகிறார். அவருடைய வீடோ, அவருடைய பிள்ளை படிக்கும் பள்ளியோ, அவர் விமானம் ஏறும் ஓடுதளமோ மறைந்துபோன ஒரு கரையின்மேல் நிற்கக்கூடும். தூர்த்த நிலத்தில் வாழ்பவர், இனித் தூர்க்காதீர் என்று சொல்லும் தகுதி உடையவரா? வந்தவர் கதவை அடைப்பது போன்றதாகாதா? இவ்வினாவைத் தட்டிக்கழித்துவிட்டுச் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுவோர் பலர். ஆனால் இதனை எதிர்கொண்டால்தான் அறத்தின் பக்கம் ஓர் அடியாவது எடுத்து வைக்க இயலும்.

இவ்வினாவுக்கு வெறும் வாதத்தால் விடை காண்பது கடினம். நடந்த ஒன்றை நோக்குவது நலம்.

சிங்கப்பூரின் வடகிழக்கே உள்ள புலாவ் உபின், கருங்கல்லுக்குப் பெயர் பெற்ற தீவு. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலத்திற்கும் அங்கிருந்து கல் சென்றது. அத்தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்றொரு கரை இருக்கிறது. ஏறத்தாழ 100 ஹெக்டேர் பரப்பு. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, பவளச் சிதைவுகள் நிறைந்த திட்டு, சதுப்புநிலக் காடு, கரையோர வனம் என்னும் ஆறும் அச்சிறு வெளியில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. நீர் ஏறியிருக்கும்போது பார்ப்பவருக்கு அது வெறுங்கடல். நீர் வற்றும்போதுதான் அது தன் முகத்தைக் காட்டும்: கம்பளம் விரித்தாற்போன்ற கடற்சாமந்திகள், முதுகில் முண்டு முண்டாய்ப் புடைத்த நட்சத்திர மீன்கள், கடல் அட்டைகள், கடற்பஞ்சுகள், மணலில் புதையும் நாணயம் போன்ற தட்டை உயிர்கள். இவற்றைத் தீவின் மீனவர்கள் நெடுநாளாக அறிந்திருக்க வேண்டும். எனினும் நகரத்தார் கண்ணில் அக்கரை பட்டது 2000 டிசம்பரில்தான். மாணவர் சிலருடன் அங்குச் சென்ற தாவரவியலாளர் ஒருவர், தாம் கண்டதைப் பிறருக்குச் சொன்னார். அதற்குள் அக்கரையின் ஆயுள் எழுதப்பட்டிருந்தது. 2001ஆம் ஆண்டின் இறுதியில் அதனைத் தூர்க்கும் பணி தொடங்குவதாக இருந்தது.

அடுத்து நிகழ்ந்ததே இக்கட்டுரையின் நடுப்பொருள். அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும், அவர்களோடு ஆசிரியர், மாணவர், எழுத்தர், இல்லத்தரசி எனப் பலதரப்பட்ட தன்னார்வலரும் அக்கரைக்குச் சென்றனர். போராடுவதற்காகச் செல்லவில்லை, பதிவு செய்வதற்காகச் சென்றனர். கரையின் குறுக்கே கயிறு கட்டி, கோட்டருகே எவ்வெவ் உயிர்கள் உள்ளன, எத்தனை உள்ளன என்று எண்ணி எழுதினர். மண்ணில் புதைந்து அழியவிருந்தவற்றுள் சிலவற்றை அருங்காட்சியகத்திற்காகச் சேகரித்தனர். அவர்களுள் பலருக்கு அக்கரை பிழைக்கும் என்ற நம்பிக்கையே இல்லை. சாகப்போகும் ஒன்றின் பேரேட்டை எழுதுவதாகவே எண்ணி எழுதினர்.

பயன் விளையாது என்று அறிந்தும் ஒரு செயலைச் செய்வது அறமா, அறியாமையா? பயன் கருதாக் கடமையைப் பற்றி மேடைகளில் பேசாதவர் இல்லை. ஆனால் பெரும்பாலும் அப்பேச்சு, பயன் பின்னால் தானே வரும் என்னும் மறைமுக உறுதிமொழியோடு வருவது. உண்மையில் பயனே இல்லாத இடத்தில், சேற்றில் முழங்கால் புதைய, உச்சி வெயிலில் குனிந்து நின்று ஒரு நத்தையை எண்ணுபவரின் மனநிலை வேறு. மரணப் படுக்கையிலிருக்கும் பாட்டியின் அருகே அமர்ந்து அவர் சொல்லும் பழைய பெயர்களையெல்லாம் பேரன் குறித்துக்கொள்கிறான். அதனால் பாட்டி பிழைக்கப் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் குறிக்கிறான். குறிக்காமல் விடுவது, அவர் வாழ்ந்ததையே மறுப்பது போலாகும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. இத்தோற்றத்தைத் தருக்கத்தால் நிறுவ இயலாது. ஆனால் இது இல்லாதவரை மனிதர் என்று அழைக்கவும் மனம் வருவதில்லை.

செய்தி பரவியது. கரை மூடப்படுமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் படகேறி வந்தனர். குழந்தைகளைத் தோளில் சுமந்து வந்தவர்கள் உண்டு. இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். அன்பு மிகுந்து வந்த அக்கூட்டத்தின் காலடியிலேயே உயிர்கள் மிதிபட்டன. காணாதவரைக் கவலையின்மை அழித்தது. கண்டபின் ஆவல் அழிக்கத் தலைப்பட்டது. வழிகாட்டிகளான தன்னார்வலர்கள், இவ்வழியே நடவுங்கள், இதனைத் தொடாதீர்கள் என்று குரல் வற்றக் கூவ வேண்டியிருந்தது. பிற்பாடு, 2007இல், நடப்போர் கால் மண்ணில் படாதவாறு மரப்பாதை ஒன்று அங்கே திறக்கப்பட்டது. ஒன்றை நேசிப்பவர் அதனிடமிருந்து சற்று விலகி நிற்கவும் கற்க வேண்டும் என்பதை அப்பாதை வாய் திறவாமல் சொல்லுகிறது.

தன்னார்வலர் எழுதிய பேரேடும், பொதுமக்களின் கடிதங்களும் முறையீடுகளும் அரசின் முன் சென்றன. 2001 டிசம்பரில் பணி ஒத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது; 2002 ஜனவரியில் தேசிய வளர்ச்சி அமைச்சு அதன் விவரத்தைத் தெரிவித்தது. வளர்ச்சிப் பணிகளுக்குத் தீவு தேவைப்படாதவரை கரை தூர்க்கப்படாது என்பது அதன் சாரம். சொல்லைக் கவனிக்க வேண்டும். கைவிடல் அன்று, ஒத்திவைப்பு. அதே 2002ஆம் ஆண்டில் சுங்கை பூலோ சதுப்புநிலம் சட்டப்படி இயற்கைக் காப்பகமாயிற்று. அதுவும் பறவை நோக்கர் சிலர் 1986இல் கண்டு, அரசுக்கு எழுதி, 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்ட இடம். செக் ஜாவாவிற்கு அவ்வாண்டில் கிடைத்ததோ தவணை மட்டுமே.

தவணையை வெற்றி என்று கொண்டாடலாமா என ஐயுறுவோர் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். உயிருள்ள எதற்கும் கிடைப்பது தவணையே. மருத்துவர் நோயாளிக்கு அளிப்பதும், உழவர் நிலத்திற்கு அளிப்பதும், ஆசிரியர் ஒரு மொழிக்கு அளிப்பதும் அதுவே. தமிழ் இத்தீவில் அடுத்த தலைமுறை வரை வாழும் என்று உறுதிச்சீட்டு எழுதிக் கொடுக்க யாரால் இயலும்? அதற்காக இன்றைய வகுப்பை ஒருவர் நடத்தாமல் விடுவாரா?

இதனினும் வலுவான எதிர்வாதத்தை மனிதர் எழுப்பவில்லை, இயற்கையே எழுப்பியது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் பெய்த பெருமழையால் வெள்ளம் புரண்டது. ஜொகூர் ஆற்றின் நன்னீர் நீரிணையில் பாய்ந்து கடலின் உப்பைத் தணித்தது. உப்பு நீரில் வாழப் பழகிய உயிர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஐந்தாண்டுக்கு முன் மண்ணிலிருந்து காப்பாற்றிய கடற்சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் மழையால் மாண்டு கிடந்தன. இதற்காகவா இத்தனை பாடு என்று கேட்டவருக்கு உடனே விடை சொல்வது எளிதாக இருந்திராது. ஆனால் பின்வந்த ஆண்டுகளில் அதே தன்னார்வலர்கள் நீர் வற்றும்போதெல்லாம் சென்று நோக்கினர். சில உயிர்கள் மெல்ல மெல்லத் திரும்பின. இங்கேதான் இரண்டு அழிவுகளுக்குமுள்ள வேறுபாடு தெளிவாகிறது. வெள்ளம் உயிர்களைக் கொன்றது; அவை திரும்பி வரும் இடத்தைக் கொல்லவில்லை. மண்ணிட்டுத் தூர்த்திருந்தால் திரும்பி வருவதற்கு வாசலே இருந்திராது. மீள வழியுள்ள தவறுக்கும் மீளா வழியுள்ள தவறுக்கும் ஒரே தராசு ஆகாது. தன் பிள்ளைகளின் காலத்தில் திருத்திக்கொள்ள முடியாத ஒரு முடிவை எடுப்பவர், பிறக்காதவர்களின் வாயையும் சேர்த்தே கட்டுகிறார்.

மரின் பரேட்டில் வாழ்பவரின் இக்கட்டுக்கு இவ்விடத்தில் ஒருவாறு விடை தோன்றுகிறது. அவர் வந்தபின் கதவை அடைப்பவர் அல்லர். வீட்டின் கடைசி அறையும் நிறைந்துவிடக் கூடாதே என்று கவல்பவர். முன்னோர் வீடின்றித் தவித்த காலத்தில் எடுத்த முடிவை அவர் நன்றியோடு நினைக்கலாம். நன்றி உடையவர் அதனையே எக்காலத்துக்கும் வழக்கமாக்க வேண்டும் என்பதில்லை. மேலும், தூர்க்கும் மணல் எங்கிருந்து வந்தது என்றும் அவர் கேட்க வேண்டும். சிங்கப்பூருக்குச் செல்லும் கடல்மணலை இந்தோனேசியா 2003இல் தடை செய்தது. ஒரு கரை வளர வேறொரு கரை தேய்ந்தது என்பதே காரணம். கணக்கில் வராத கடன் இது.

கடற்புல் மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில், சதுப்புநில மரம் அலைக்கு அரண் என்று பயனைக் காட்டி வாதிடுவோர் பலர். அவை உண்மைகள், அமைச்சுக்கு எழுதும் மனுவில் இடம்பெற வேண்டியவை. ஆயினும் பயனை மட்டும் நம்பி நிற்கும் வாதம், அதனினும் பெரிய பயன் ஒன்றை எதிர்த்தரப்பு காட்டியவுடன் வாய் அடைத்துப்போகும். விடியலுக்கு முன் வற்றும் நீரைக் காண நள்ளிரவில் எழுந்து புறப்படும் ஒருவரை எழுப்புவது மீன்வளக் கணக்கு அன்று. அங்கே மனிதனைக் கேளாமலே ஓர் உலகம் நடைபெறுகிறது; அதனை அழிக்கும் உரிமையை யாரும் தனக்குத் தரவில்லை என்னும் உணர்வே அவரை எழுப்புகிறது.

இனி வரும் வினா இன்னும் சிக்கலானது. கடல்மட்டம் உயர்ந்துவருகிறது. அதனைத் தடுக்கக் கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டேர் நிலத்தைக் கடலில் உருவாக்கும் ‘லாங் ஐலண்ட்’ திட்டத்தை அரசு 2023இல் அறிவித்தது. ‘கடற்கரைப் பாதுகாப்பு’ என்னும் தொடர் இப்போது இரு பொருள் தருகிறது. கடலிடமிருந்து மனிதரைக் காப்பது ஒன்று; மனிதரிடமிருந்து கரையைக் காப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இணைந்து நிற்கும் காலம் வந்துவிட்டது. தாழ்ந்த தரையில் வாழும் முதியவரைப் பார்த்து, அலையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எவராலும் கூற இயலாது. அதே வேளையில் அரண் என்னும் பெயரால் எதுவும் கேள்வியின்றி நடந்துவிடவும் கூடாது. என்ன இருக்கிறது என்று அறியாமல் எதை இழக்கிறோம் என்று எவரும் நிறுத்துப் பார்க்க முடியாது. மீண்டும் யாரோ சிலர் கயிறும் குறிப்பேடும் ஏந்திக் கரையில் இறங்கியாக வேண்டும்.

இறங்குகிறார்கள். 1992 முதல் ஆண்டுதோறும் செப்டம்பரையொட்டிச் சிங்கப்பூரின் கரைகளில் நடைபெறும் துப்புரவுப் பணியில் குப்பையை வெறுமனே அள்ளுவதில்லை, எண்ணுகிறார்கள். உறிஞ்சுகுழல் இத்தனை, புட்டி இத்தனை, வலைத்துண்டு இத்தனை என்று அட்டையில் கோடிட்டுக் குறிக்கிறார்கள். லிம் சூ காங் சதுப்புநிலத்தில் வேர்களுக்கிடையே சிக்கிய நெகிழிப் பையை ஒரு மாணவன் இழுக்க, அதன் உள்ளிருந்து சிறு நண்டொன்று வெளியேறி ஓடுகிறது. அட்டையில் நண்டுக்குக் கட்டம் இல்லை. அவன் பையை மட்டும் ஒன்று என்று குறித்துவிட்டு, நண்டு எந்தப் பொந்தில் நுழைகிறது என்று சிறிது நேரம் பார்த்து நிற்கிறான். அடுத்த ஏற்றத்தில் அலை வேறு பைகளைக் கொண்டுவரும் என்பது அவனுக்கும் தெரியும். ஆசிரியர் கூப்பிடுகிறார்; நீர் ஏறத் தொடங்கிவிட்டது.