விலாவும் பலகையும்

அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால் முகத்துவாரத்தில், மணலின்மேல் ஏற்றிவைத்த மரப்படகொன்றின் இற்றுப்போன பலகையைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசும் தச்சனைச் சற்றுநேரம் பார்த்து நிற்பவனுக்கு, எல்லாப் பலகைகளும் இவ்விதமே மாறிய பின்பும் இது பழைய படகுதானா என்னும் விசாரம் எழாமற் போகாது.

கடலின் ஏற்றவற்றம் சொற்பமான நம் கரையில் மணலே பழுதுபார்க்கும் களம். பன்னிரண்டடி அளவுக்கு நீர் ஏறியிறங்கும் பம்பாயிலோ, சூரத்திலிருந்து வந்த பார்சித் தச்சர் லவ்ஜி நசர்வான்ஜி வாடியா 1750இல் உலர்துறை கண்டார். ஏற்றத்தில் கப்பலை உள்ளே விட்டுக் கதவடைத்து, நீரை வடித்து, கட்டைகளின்மேல் அதனை நிறுத்திவைக்கும் உபாயம் அது. அவர் வம்சத்தார் தேக்கால் கட்டி 1817இல் நீரில் இறக்கிய ஆங்கிலப் போர்க்கப்பலுக்குத் திருகோணமலையின் பெயர், ஆங்கிலேயர் நாவில் சிதைந்து, 'டிரிங்கோமலி' என்று வாய்த்தது. 1897இல் விலைப்பட்டு வேறு நாமம் சூட்டப்பெற்ற அக்கப்பல், செப்பனிடுங்காலத்தில், 1992இல் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. இடைக்காலத்தில் அது யாராயிருந்தது?

தேரின் அச்சையும் சக்கரத்தையும் பிரித்துப் பார்த்தால் தேரென்று தனியே ஒன்றுமில்லை என்று பௌத்த பிக்ஷு நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு உரைத்தார். காரைக்காலுக்குச் சில மைல் தெற்கே, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துப் பிக்ஷுக்களும் நிலையான ஆன்மா இல்லை என்னும் அனாத்மவாதத்தை ஓதியவர்களே. சைவ சித்தாந்திகளோ, நேற்றுக் கண்ட நானே இன்றும் காண்கிறேன் என்னும் பிரத்தியபிஞ்ஞையைக் காட்டி, தேகம் மாறினும் ஆன்மா நிலைக்கும் என்றனர். கப்பலளவில் பௌத்தர் கட்சியே எனக்குச் சரியாகப் படுகிறது; கப்பல் தன்னைத் தானே அறிவதில்லை, அறிகிறவன் கரையில் நிற்கிறான்.

மனிதர் விஷயம் அவ்வளவு எளிதன்று. மனைவி புனிதவதியைப் பிரிந்து மரக்கலமேறிப் போன நாகப்பட்டினத்து வணிகன் பரமதத்தன், பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்கும் புனிதவதி என்றே பெயரிட்டானே, அது பழங்கலத்தின் பெயரைப் புதுக்கலத்தில் எழுதியதற்கு ஒப்பாகும். (குற்றவுணர்ச்சியும் அதில் கலந்திருக்கலாம், இக்கதையைப் பாடிய சேக்கிழார் அவனிடம் கடுமை காட்டவில்லை.) தன்னைத் தேடிவந்த மனைவியைத் தெய்வமென மதித்து அவர் காலில் அவன் குடும்பத்தோடு விழுந்தபோது, கணவனுக்காகத் தாங்கிய தசையைக் கழித்தருளுமாறு அவர் இறைவனை வேண்டினார். உலர்துறையில் பலகையைக் கழற்றுவதெல்லாம் புதியது பூட்டுவதற்காகவே. புனிதவதியாரோ மாற்றுப் பலகை கேட்கவில்லை, விலாவெலும்போடு புறப்பட்டுவிட்டார். கண்ட ஜனங்கள் அஞ்சி ஓடினர். கண்டோர் அடையாளங் காணமாட்டாத அந்த எலும்புருவம் கயிலையின்மேல் தலையால் நடந்து வருகையில், 'இது யார்?' என்று வியந்து வினவியவள் உமை. 'அம்மை' என்று அழைத்தவன் தாயில்லாத சிவன்.